ஹில் ஸ்ட்ரீட்டில் ஒரு சிவப்பு வெள்ளைக் கோபுரம்

மதுரை திருநகரில் இப்போது பல வீடுகளில் பையனோ பெண்ணோ சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்கள். பெருங்குடியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். முஸ்தபா கடை, செந்தோசா, மெர்லயன் சிலை, வீரமாகாளியம்மன் கோயில், டேங்க் ரோடு முருகன் கோயில். திருப்பரங்குன்றத்து மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள், கடல் கடந்து போனாலும் முருகனைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

அந்த முருகன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஃபோர்ட் கேனிங் என்ற சிறு குன்றின் மறுபக்கத்தில், பட்டியலில் இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்றும் நிற்கிற தீயணைப்பு நிலையங்களில் இதுதான் மிகப் பழையது. பெயர் சென்ட்ரல் ஃபயர் ஸ்டேஷன். இருப்பது ஹில் ஸ்ட்ரீட்டில். 1908-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1909-இல் வேலையைத் தொடங்கிய நிலையம் இது.

முதல் பார்வையிலேயே தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். நம் ஊர்க் கோயில் மதிலில் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி அடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் இங்கே சிவப்பு என்பது பூசாத செங்கல், வெள்ளை என்பது பூச்சு. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கட்டடக் கலையில் இது ஒரு பாணி. அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'ரத்தமும் கட்டுத்துணியும்'. தீயோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்டடத்தின் ஒரு பக்கம் உயரமான கோபுரம். கீழே அகலமான கதவுகள். கதவுக்குப் பின்னால் சிவப்பு வண்டிகள், தெருவைப் பார்த்தபடி. அழைப்பு வந்தால் இன்றைக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் வண்டி பாய்ந்து வரும். 1998-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம், ஆனாலும் ஓய்வு பெறவில்லை.

தண்ணீர் வண்டி இல்லாத ஊர்

சிங்கப்பூருக்கு இப்படி ஒரு நிலையம் சும்மா வந்துவிடவில்லை. ஊர் எரிந்து எரிந்துதான் வந்தது.

1819-இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய பிறகு, ஆற்றோரமாகக் கடைகளும் கிடங்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்தன. பதினோரு வருடம் கழித்து, 1830 பிப்ரவரியில், பிலிப் ஸ்ட்ரீட்டில் தீ பிடித்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட், சர்க்குலர் ரோடு என்று தாவித் தாவி மூன்று நாள் எரிந்தது. தண்ணீர் பீய்ச்ச ஊரில் ஒரு வண்டி கிடையாது. வாளியும் கையும்தான்.

அந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டைத் தமிழர்கள் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. பிற்காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு அது. 'செட்டித் தெரு' என்றே பெயர். ஒரே கூரையின் கீழ் பல செட்டியார்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் கணக்குப் புத்தகம், கடன் பத்திரம். காகிதத்தை நம்பி நடந்த தொழில். தீ என்றால் அவர்களுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தீயணைப்புப் படை என்று ஒன்று உருப்படியாக வருவதற்கு முன், ஊரில் தீ என்றால் குன்றின் மேலிருந்த கோட்டையில் பீரங்கி முழங்கும். போலீஸ்காரர்கள் ஓடுவார்கள், சிப்பாய்கள் ஓடுவார்கள். அவர்களோடு இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளும் ஓடுவார்கள்.

ஆமாம், கைதிகள்தான். 1825 முதல் இந்தியச் சிறைகளின் தண்டனைக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னை மாகாணத்துக்காரர்களும் அதில் உண்டு. சாலை போட்டார்கள், சதுப்பை மேடாக்கினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி வெள்ளை வெளேரென்று நிற்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததுதான். அதன் சுவருக்கு அவர்கள் பூசியதன் பெயரே 'மெட்ராஸ் சுண்ணம்'. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். நம் பாட்டன் வீட்டுச் சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அதே கைப்பக்குவம்.

1888-இல்தான் சிங்கப்பூர் தீயணைப்புப் படை முறையாக அமைந்தது. அதன் பிறகும் நல்ல நிலையம் கிடையாது, போதிய ஆளும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்டேகு பெட் என்பவர் தலைவராக வந்தார். அவருக்கு முன் இருந்தவர்களுக்கு இது பல வேலைகளில் ஒரு வேலை. இவருக்குத் தீயணைப்பதுதான் தொழில். ஊருக்கு மூன்று புதிய நிலையங்கள் கிடைத்ததில் இவருடைய பங்கு பெரிது. ஹில் ஸ்ட்ரீட், கிராஸ் ஸ்ட்ரீட், காலாங். மூன்றில் தலைமை நிலையம் ஹில் ஸ்ட்ரீட்.

கோபுரத்துக்கு இரண்டு வேலை

நிலையத்தைப் பார்க்க வருகிற குழந்தைகள் முதலில் கேட்கிற கேள்வி, "ஃபயர் ஸ்டேஷனுக்கு எதுக்கு கோபுரம்?" என்பதுதான். நல்ல கேள்வி.

முதல் வேலை, பார்ப்பது. இன்று வானளாவும் கட்டடங்களுக்கு நடுவில் அந்தக் கோபுரம் சின்னப் பிள்ளைபோல் தெரிகிறது. கட்டிய காலத்தில் சுற்றிலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள்தான். மேலே ஏறி நின்றால் ஊர்க் கூரைகள் முழுக்கத் தெரியும். இரவும் பகலும் ஒருவர் மேலே காவல் இருப்பார். எந்தப் பக்கம் புகை எழுந்தாலும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படவேண்டும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம். ஒரு மனிதன் தூங்காமல் இருந்தால்தான் ஊர் தூங்கலாம்.

இரண்டாவது வேலை, காயப்போடுவது! தீயணைப்புக்குப் பயன்பட்ட குழாய்கள் அப்போது தடித்த துணியால் ஆனவை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். அடுத்த தீக்கு எடுத்து விரித்தால் பாதியில் கிழியும். அதனால் ஒவ்வொரு முறையும் கழுவி, கோபுரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுத் தண்ணீர் வடியக் காயவைப்பார்கள். உலகம் முழுக்கப் பழைய தீயணைப்பு நிலையங்களில் கோபுரம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைய வண்டியும் இன்றைய வண்டி அல்ல. குதிரை இழுத்துக்கொண்டு போகும். வண்டியில் ஒரு கொதிகலன். அதில் நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றி, அந்த விசையில் தண்ணீரைப் பீய்ச்சவேண்டும். தீயை அணைக்க முதலில் தீ மூட்டவேண்டிய காலம். 1912 வாக்கில் மோட்டார் வண்டிகள் வந்தன, குதிரைகளுக்கு விடுதலை கிடைத்தது.

கீழே வண்டி, மேலே குடும்பம்

நிலையத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகள். வளாகத்திலேயே தீயணைப்பு வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் குடியிருப்பு. வேலைக்குப் போவது என்றால் படி இறங்குவதுதான்.

இது சலுகை அல்ல, கணக்கு. மரமும் ஓலையும் துணியும் நிறைந்த ஊரில், தீ சிறிதாக இருக்கும்போதே போய்ச் சேரவேண்டும். வீரர் ஒரு மூலையில், வண்டி ஒரு மூலையில் என்று இருந்தால் போய்ச் சேர்வதற்குள் தெருவே போய்விடும். இறங்குகிற நேரத்தைக்கூட மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் சிகாகோவில் 1878-இல் டேவிட் கென்யன் என்ற கேப்டன், மாடியில் ஓட்டை போட்டு ஒரு நீண்ட மரக்கம்பத்தை நட்டு வைத்தார். மணி அடித்ததும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சர்ரென்று சறுக்கி இறங்கினார்கள் அவருடைய ஆட்கள். கறுப்பின வீரர்களின் படை அது. முதலில் ஊரே சிரித்தது. அவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் தீயிடம் போய் நின்றதைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு நிலையமாகக் கம்பம் வந்தது. பிறகு பித்தளைக் கம்பம்.

மேலே குடியிருந்த பெண்களின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். உலையில் அரிசி போட்டிருக்கும். கீழே மணி அடிக்கும். கணவர் படி இறங்கும் சத்தம், வண்டி கிளம்பும் சத்தம். அதற்கப்புறம் எதுவும் கேட்காது. எந்தத் தெரு, எவ்வளவு பெரிய தீ, எப்போது வருவார், எதுவும் தெரியாது. திரும்பி வரும் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருப்பதும் அந்த வீட்டு வேலைகளில் ஒன்று.

நகரம் மறக்காத மூன்று தேதிகள்

1941 டிசம்பர் 8. விடிவதற்கு முன் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரின் மேல் முதல் குண்டுகளைப் போட்டன. ராஃபிள்ஸ் பிளேஸும் சைனாடவுனும் அடிபட்டன. இரண்டு மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, ஊரே ஜப்பானியர் கைக்குப் போனது.

1961 மே 25. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ ஸ்வீ என்ற பகுதியில் பிற்பகலில் தீ பிடித்தது. அங்கே இருந்தவை மரவீடுகள், கூரை 'அத்தாப்பு', அதாவது ஒரு வகைப் பனையோலைக் கீற்று. ஒன்றுக்கொன்று ஒட்டிய வீடுகள், நடுவே வண்டி நுழைய வழியில்லாத சந்துகள். நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். இன்று சிங்கப்பூரில் எங்கு பார்த்தாலும் தெரிகிற அடுக்குமாடி வீடுகளின் கதையில் இந்தத் தீக்குப் பெரிய இடம் உண்டு. முந்தைய வருடம் தொடங்கியிருந்த வீடமைப்புக் கழகம், எரிந்த அதே மண்ணில் கான்கிரீட் வீடுகளை வேகவேகமாக எழுப்பியது.

கீற்றுக் கூரை என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் 2004 ஜூலை 16 ஞாபகம் வராமல் போகாது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகுதான் நம் பள்ளிகளில் கூரைகள் இறங்கின.

1972 நவம்பர் 21. ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் என்ற பெரிய கடை காலையில் எரியத் தொடங்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள். கட்டடம் எரியும்போது லிஃப்ட்டில் ஏறாதீர்கள், படியில் இறங்குங்கள் என்று இன்று ஒவ்வொரு மாடியிலும் எழுதி வைத்திருப்பது, இப்படி எத்தனையோ ஊர்களில் எத்தனையோ உயிர்கள் போன பிறகு கற்றுக்கொண்டது.

1989-இல் தீயணைப்புத் துறை, குடிமைத் தற்காப்புப் படையோடு ஒன்றாக்கப்பட்டது. பெயர் மாறியது, உடை மாறியது, வண்டி மாறியது. ஹில் ஸ்ட்ரீட் நிலையம் மட்டும் இடம் மாறவில்லை. மனை விலை உலகிலேயே உச்சத்தில் இருக்கிற ஊர்களில் ஒன்று அது. அதன் நடு மையத்தில் இருக்கிற இடத்தை ஓட்டலாகவோ கடைத்தொகுதியாகவோ ஆக்க யாருக்கு ஆசை வராது? ஆனால் தீயணைப்பு நிலையம் கூட்டம் இருக்கிற இடத்தில்தான் இருக்கவேண்டும். அழைப்பு வந்தால் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்வது அங்கே வைத்துக்கொண்டிருக்கிற இலக்கு. ஊருக்கு வெளியே விலை குறைந்த மனையில் நிலையத்தைக் கட்டிவிட்டு, அந்த எட்டு நிமிடத்தைப் பிடிக்க முடியாது.

போனால் பார்க்க

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். வழியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1835-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம், சிங்கப்பூரின் மிகப் பழைய கிறிஸ்தவத் தேவாலயம் அதுதான். ஆற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நடந்தால், வானவில் நிறத்தில் 927 ஜன்னல்கள் வைத்த பழைய போலீஸ் நிலையம், 1934-இல் கட்டியது.

தீயணைப்பு நிலையத்துக்குள் குடிமைத் தற்காப்பு மரபுக் கூடம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வண்டிகள், தலைக்கவசங்கள், மணிகள், குழாய்கள். கட்டணம் கிடையாது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர்த் தீயணைப்பு நிலையங்கள் சனிக்கிழமை காலைகளில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைக்கும் வழக்கமும் உண்டு. பேரப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் தோதான நாள். வண்டியைத் தொட்டுப் பார்க்கலாம், வீரர்களிடம் கேள்வி கேட்கலாம். நடுவில் அழைப்பு வந்தால் மட்டும் ஒதுங்கி வழிவிடவேண்டும்.

மாசி வீதிகளில் ஒரு தீபாவளி இரவு

ஹில் ஸ்ட்ரீட்டைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற மதுரைக்காரர்களுக்கு, நம் தெருக்கள் வேறு மாதிரி கண்ணில் படும்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக வீதிகள். தேர் ஓடுகிற மாசி வீதிகள் அகலம்தான். ஆனால் வீதிக்கும் வீதிக்கும் நடுவில் இருப்பவை சந்துகள். இரண்டு பக்கமும் ஜவுளி, பாத்திரம், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடித்து ஊருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார். மதில் போன இடத்தில் வெளி வீதிகள் வந்தன. அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். ஆனால் உள்ளே இருக்கிற சந்துகள் அன்றைக்கு இருந்த அகலத்தில்தான் இன்றும் இருக்கின்றன. அவற்றில் இப்போது இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது.

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகள் இருந்த பகுதியில் தீ பிடித்தது. நாயக்கர் காலத்துக் கல் தூண்களும் கூரையும் வெடித்து விழுந்தன. கல் எரியாது என்று நினைத்திருந்த ஊர், கல்லும் தீயில் நொறுங்கும் என்று அன்று பார்த்தது.

2020 தீபாவளி இரவு, ஊர் பட்டாசு வெடித்து ஓய்ந்த நேரம், விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஒரு பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்தது. பண்டிகையை வீட்டில் கொண்டாடாமல் பணியில் இருந்த வீரர்கள் வந்தார்கள். உள்ளே அணைத்துக்கொண்டிருந்தபோதே கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள். இருவரும் இளைஞர்கள். மறுநாள் காலை அந்த இரண்டு வீட்டு வாசலிலும் தீபாவளி எப்படி இருந்திருக்கும்?

அந்தத் தீயை நம்மில் யாரும் மூட்டவில்லை. ஆனால் தீயணைப்பு வண்டியின் நிமிடங்களை நாம் தினமும் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். சந்து முனையில் குறுக்கே நிறுத்திய கார், கடை வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கிய தகரக் கூரை, மாடிப்படியில் அடுக்கிய அட்டைப்பெட்டி, பின்வாசலில் தொங்குகிற பூட்டு. திருநகர் மாதிரி அகலத் தெரு உள்ள பகுதிகளிலும் கல்யாண வீட்டுப் பந்தல் தெருவை முழுக்க அடைத்து நிற்பதைப் பார்க்கலாம். வண்டி நுழைய ஒரு பக்கம் வழி விட்டுப் பந்தல் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கூப்பிட வேண்டிய எண் 101, அல்லது 112. குழந்தைகளுக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். ஏப்ரல் 14, நமக்கு அநேகமாகத் தமிழ்ப் புத்தாண்டு நாள். அதே தேதியில்தான் 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி வந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் நினைவாக அந்த நாளை இந்தியா முழுக்கத் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கிறார்கள். அன்று நிலையங்களில் வீரர்கள் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். நினைவுத் தூண் இருக்கிற இடத்தில் மலர் வளையம் வைப்பார்கள்.

அடுத்த சித்திரை முதல் நாள், கோயிலுக்குப் போகிற வழியில் தீயணைப்பு நிலையம் இருந்தால், பிள்ளைகளோடு ஒரு நிமிடம் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். வீட்டில் செய்த மாங்காய்ப் பச்சடியோ பாயசமோ ஒரு தூக்கில் எடுத்துப்போனால் இன்னும் நல்லது. பண்டிகை நாளிலும் உள்ளே யாராவது கட்டாயம் பணியில் இருப்பார்கள்.